கொய்யாக் கம்பு

நான் வடிகட்டின முட்டாள். பள்ளிக்கூடத்தில் நான் முதலாவதாக வந்த ஒரே பாடம், வாத்தியாருக்கு அடிக்கிற கம்பு வெட்டிக் கொடுப்பது.

நேற்று மாத்தளையில் என் வீட்டுக் கொய்யா மரத்தைக் கிளை கழித்துக் கவ்வாத்து பண்ண, என்னோடு படித்த வேலு வந்திருந்தான். பச்சைப் பட்டையின் வாசம் மூக்கில் ஏறியதும் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் கண்முன் வந்து நின்றது.

அங்கே பிந்தி வருகிறவனுக்குப் பத்து அடி. கணு இல்லாமல், வளைத்தால் ஒடியாத கொய்யாக் கம்பாகப் பார்த்து, பட்டை உரித்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். "ஒன்னயப் போல எவனுக்குடா கம்பு பாக்கத் தெரியும்!" என்பார் வாத்தியார். எனக்குத் தலைகால் புரியாது.

ஒரு மழை நாளில் வேலு பிந்தி வந்தான். தங்கச்சியை, கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு ஓடி வந்தானாம். ஏழாவது அடியில் அவனுடைய இரண்டு விரல்கள் ஒடிந்தன. கம்பு ஒடியவில்லை. நான் கம்பைத்தான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நேற்றும் உடனே ஒன்றும் தோன்றவில்லை.

நிமிராத அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணியை நீட்டினேன்.

"அந்த வாத்தியாரு மனுசனே இல்லடா, வேலு."

அவன் கோப்பையை வாங்கிக்கொண்டான்.

"கம்பு நீ வெட்டுனது."