இருட்டறைச் சிங்கிகள்

இன்னோர் உயிரைப் பார்த்துக்கொள்ளும் வேலை, நேரம் முடிந்து மேல்கோட்டை மாட்டியதும் முடிந்துவிடுவதில்லை. முதியோர் இல்லங்களிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் வேலை செய்யும் சகோதரிகளே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் “அந்தக் கதவைப் பூட்டினேனா?” என்ற கேள்வி வரும். உங்கள் பொறுப்பில் இருப்பவர்களாவது நோகிறது என்று சொல்வார்கள். என் பொறுப்பில் இருப்பவை சத்தமே போடாதவை.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கிழக்கு லண்டனில், அழிந்துவரும் நீர்வாழ் உயிர்களைக் காக்கும் ஒரு சிறிய நிலையத்தில் தரை துடைக்கத்தான் சேர்ந்தேன். அங்கே நிலத்துக்குக் கீழே உள்ள ஓர் இருட்டறையில் குகைச் சிங்கிகள் இருக்கின்றன. சிங்கி இறாலை விரல் நீளத்துக்குச் சுருக்கி, நிறத்தையும் கண்ணையும் எடுத்துவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி. அமெரிக்காவில் ஒரேயொரு குகையின் ஓடையில் மட்டும் வாழ்ந்த இனம். மேலே வயல்களில் போட்ட உரமும் பூச்சிமருந்தும் ஊறி இறங்கி அந்த ஓடையைக் கெடுத்துவிட்டன. மிஞ்சியவை எல்லாம் ஒரே இடத்தில் இருந்து ஒரே விபத்தில் போய்விடக் கூடாது என்று, சிலவற்றை எங்களிடமும் தந்திருந்தார்கள். குஞ்சு பொரிக்கவைத்து, ஓடை சுத்தமானதும் திருப்பி அனுப்ப வேண்டும். ஆனால் எங்கள் அறையில் ஒன்றுகூட முட்டை வைத்ததில்லை. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் வேலையை விட்டுப் போனதும், பொறுப்பாளர் ஹெலன் அந்த வேலைக்கு என்னைக் கேட்டார். நான் சத்தமில்லாமல் நடப்பேனாம். அன்றைக்குப் போன நிம்மதி இன்னும் திரும்பி வரவில்லை.

கூழ்

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது, எங்கள் பங்கைச் சேர்ந்த பிலோமினா அக்கா புதிய வேலையைப் பற்றி விசாரித்தார். நான் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். இனமே அற்றுப்போகும் நிலையில் இருப்பதையும், இரவில் விழித்து அவற்றையே நினைத்துக்கொண்டு கிடப்பதையும்கூடச் சொன்னேன். அக்கா முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு தன் சுண்டுவிரலை நீட்டி, “இவ்வளவுதானோ?” என்றார். ஓம், அவ்வளவுதான் என்றேன்.

“அப்ப ஒரு சட்டி இறால் கூழுக்கும் காணாது.”

வெங்காயம்

கண் இல்லாத உயிருக்கு மணம்தான் வழிகாட்டி. அதனால் அந்த அறைக்குள் போகிறவருக்கு எந்த வாசனையும் இருக்கக் கூடாது. மேலுக்கு அடிக்கும் சென்ற் இல்லை, கைக்குப் பூசும் கிறீம் இல்லை, தலையிடிக்குத் தடவும் தைலமும் இல்லை. வாசலில் கிருமிநாசினித் தட்டில் கால் சப்பாத்தை நனைத்து, கையை முழங்கை வரை வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும். வேலைக்குப் போகுமுன் நான் வெங்காயம், உள்ளிப்பூண்டு தொடுவதையே விட்டுவிட்டேன். வீட்டில் அந்த வேலை என் கணவர் அன்ரனின் தலையில் விழுந்தது. டாக்ஸி ஓட்டிவிட்டு வந்து, உரித்த வெங்காயத்துக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“மூக்கு அதுகளுக்கு. கண்ணீர் எனக்கு.”

சிவப்பு விளக்கு

கண் இல்லாவிட்டாலும் அவை உடம்பால் வெளிச்சத்தை உணரும்; சிவப்பு வெளிச்சம் மட்டும் அவற்றைத் தொந்தரவு செய்வதில்லை. ஒரு காலை, சிறிய சிவப்பு விளக்கோடு தொட்டிகளைப் பார்த்து வந்தேன். கடைசித் தொட்டியில் பெரிய பெண் சிங்கி வாலை உள்ளே மடக்கி, கல்லுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது. நோய் வந்துவிட்டது என்றே நினைத்தேன். ஓடிப்போய் ஹெலனைக் கூட்டி வந்தேன். அவர் முழங்காலிட்டு, குனிந்து, வெகுநேரம் பார்த்தார். எழுந்தபோது கன்னம் நனைந்திருந்தது. வாலுக்கு அடியில், குரக்கன் தானிய மணிகளை ஒட்டிவைத்தது போல முட்டைகள்.

தாய் பயந்தால் முட்டைகளை உதிர்த்துவிடும், தின்றும்விடும் என்று ஹெலன் காதுக்குள் சொன்னார். அதற்குப் பிறகு நான் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

“மேரி, மூச்சு விடலாம். அதற்கு இங்கே தடை இல்லை.”

செம்புப் போத்தல்

வாசலில் காவலுக்கு இருப்பவர் செபமாலை அண்ணை. மன்னார்க்காரர், பாரிஸில் நெடுங்காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். முட்டைச் செய்தி கேட்ட நாளிலிருந்து என்னைக் காணும்போதெல்லாம், “தாய் எப்பிடி?” என்பார். பிள்ளைப்பேற்று வார்டுக்கு வெளியே நிற்கும் தகப்பனைப் போலத்தான் நின்றார்.

அவருடைய மேசைக்கு அருகேதான் தொட்டிகளுக்கு நிரப்பும் குழாய்த் தண்ணீரை, அதில் உள்ள குளோரின் போவதற்காக, வாளிகளில் ஆறவைப்போம். ஒரு நாள் நான் காலையில் அந்தத் தண்ணீரைத் தொட்டிகளில் நிரப்பிவிட்டு மேலே வந்தேன். அண்ணை சந்தோசமாக ஒரு போத்தலைத் தூக்கிக் காட்டினார். ஈஸ்ட் ஹாமில் வாங்கிய செம்புப் போத்தல். செம்பில் வைத்த தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று நம் ஆட்கள் இப்போது கையோடு கொண்டுதிரிகிறார்களே, அதுதான். யாத்திரைக்குப் போனபோது அதில் தீர்த்தம் நிரப்பி வந்தாராம். உப்புப் போட்டு மந்திரித்த தீர்த்தம். தாய்க்கு என்று தினமும் கொஞ்சம் வாளிக்குள் ஊற்றுகிறாராம்.

எனக்கு உப்பை நினைத்துத்தான் பயம் வந்தது. ஹெலனிடம் ஓடினேன். அவருடைய பயமோ போத்தலை நினைத்து. சிங்கி, இறால், நண்டு எல்லாவற்றுக்கும் செம்பு நஞ்சு என்றார். தொட்டித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து மருந்துத் துளி விட்டார். செம்பு இருக்கிறது என்று நிறம் மாறியது. உடனே முழுவதையும் மாற்றவும் முடியாது, தாய் பயந்து முட்டைகளை உதிர்த்துவிடும். அதனால் மெல்லிய குழாயால், நூல் போல, பழைய தண்ணீரை எடுத்து எடுத்துப் புதியதை விட்டோம். பாதி வேலையிலேயே சில முட்டைகள் கழன்று அடியில் விழுந்தன. என் கையால் நிரப்பிய தண்ணீர்.

அண்ணை கிருமிநாசினித் தட்டுக்கு அந்தப் பக்கமே நின்றார். உள்ளே வரவில்லை, போகவுமில்லை. நான் வெளியே வந்தபோது அவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவர் போத்தலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“உயிர் தா எண்டு கேட்டுத்தானே, தங்கச்சி, நான் ஊத்தினனான்.”

பூசைக் கருத்து

ஹெலன் அவரைப் பற்றி மேலிடத்தில் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. வாளிகளை மட்டும் உள்ளே கொண்டுபோய் வைத்தார். அதன்பின் காத்திருப்பதைத் தவிர எங்களால் செய்ய ஏதுமில்லை. நல்ல முட்டை நாளாக நாளாக நிறம் மாறும், கெட்டது பூஞ்சணம் பிடிக்கும். நான் சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்கிறேன், கதவுப் பூட்டை மூன்றாம் முறை பார்க்கிறேன், ரயில் நிலையம் வரை போய்த் திரும்பி வருகிறேன். உங்களுக்குத் தெரியும் இந்த வருத்தம்.

கடைசியில் கோயிலுக்குப் போய், ஒரு தாயின் சுகப்பேறு என்ற கருத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று பங்குக் குருவான சுவாமியிடம் கேட்டேன். தாயின் பேரென்ன என்றார். பொய் சொல்ல மனம் வரவில்லை. பேரில்லை சுவாமி, அது ஒரு சிங்கி என்றேன். அவர் சிரிப்பார் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அப்ப அதைப் படைச்சவரிட்டைப் பேர் சொல்லத் தேவையில்லை, பிள்ளை.”

முகம்

மிஞ்சிய முட்டைகளில் அரைவாசிக்குமேல் பூஞ்சணம் பிடித்துப் போயின. மற்றவை பொரித்தன. கண்ணாடித் துகள்கள் போன்ற குஞ்சுகள் தாயின் வாலைப் பிடித்துத் தொங்கின. ஹெலன் எச்சரித்தார்: குகைச் சிங்கி மிகமிக மெதுவாக வளரும், ஓடையும் இன்னும் சுத்தமாகவில்லை, இவை வீடு திரும்பும் நாளை நானும் நீங்களும் பார்க்காமல் போகலாம். பரவாயில்லை என்றேன். எந்த ஊரிலிருந்து கிளம்பி எந்த ஊரில் நிற்கிறோம் என்று தெரிந்தவர்களுக்கு இது விளங்காத விசயமா?

அன்றைக்கு ஹெலனே போய்ச் செபமாலை அண்ணையைக் கூப்பிட்டார். அவர் சப்பாத்தைத் தட்டில் இரண்டு தரம் நனைத்தார். கோயிலுக்குள் வருவது போலத் தொப்பியைக் கழற்றினார். நான் சிவப்பு விளக்கைப் பிடித்தேன். குஞ்சுகளைப் பார்த்தவர், அடியில், முட்டைகள் கழன்று விழுந்த இடத்தில், வெறுமையாய்க் கிடந்த கல்லையும் பார்த்தார். இவற்றுக்குப் பார்வை அடியோடு இல்லையோ என்று மெல்லக் கேட்டார். இல்லை அண்ணை என்றேன்.

“நல்லதாப் போச்சு, தங்கச்சி. என்ரை முகத்தைப் பாக்க மாட்டினம்.”

இப்போது அந்த அறை வாசலில், கிருமிநாசினித் தட்டுக்கு மேலே, ஹெலன் ஆங்கிலத்திலும் நான் தமிழிலும் எழுதி ஒட்டியிருக்கும் விதி ஒன்றே ஒன்றுதான்: செபிக்கலாம், ஊற்றக் கூடாது.