கல்யாணம் முடியட்டும்

எங்கள் அப்பா அங்கப்பன் இறந்து இன்றோடு பதினாறு நாள். அண்ணன் ரவிக்குமார் பீளமேட்டில் வைத்த பேனரில் ‘அன்புக் கணவர், பாசமிகு தந்தை, பிரியமான தாத்தா’ என்று போட்டிருக்கிறான். மூன்றும் நிஜம்தான். அதைச் சொல்லத்தான் எங்களுக்கு யோக்கியதை இல்லை.

மில்லில் முப்பத்துநாலு வருசம் ஷிப்ட் பார்த்தவர். அம்மா பாவாத்தாள் பக்கவாதத்தில் படுத்ததும் கஞ்சி ஊட்டி, தலை வாரி, மலம் அள்ளியதெல்லாம் அவர்தான். ஆள் வைக்கலாம் என்றேன்.

“உங்கம்மாளுக்கு வெக்கமா இருக்கும் கண்ணு” என்றார்.

நான் தாராபுரத்திலிருந்து தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் மகராசி.

அண்ணன் மகள் வர்ஷினியின் கல்யாணத்துக்கு முதல் நாள், அம்மா நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்பா நகர மாட்டேன் என்றார்.

“தாத்தா இல்லாம சீர் நடந்தா மாப்பிள்ளை ஊட்டுல என்ன நெனப்பாங்க?” என்று அண்ணன் குதித்தான்.

“நீங்க போங்கப்பா, அம்மாகூட நான் இருக்கறனுங்க” என்றேன். அதை நம்பித்தான் போனார். நர்ஸ் இருக்கிறாளே என்று, ஒரு மணி நேரத்தில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நானும் மண்டபத்துக்குப் போய், அப்பா கண்ணில் படாமல் பெண்கள் கூட்டத்தோடே இருந்துவிட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விடிகாலையில் போன் வந்தது. எழவு என்று தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும். அம்மாவைப் பிணவறையில் வைக்கச் சொல்லிவிட்டு, அண்ணன் அப்பாவின் காதில் மட்டும் விசயத்தைச் சொன்னான்.

“புள்ள கழுத்துல தாலி ஏறட்டும்” என்றார் அப்பா.

பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்கத் தாலித் தட்டு வந்தபோது, மனைவியை இழந்தவன் தொடக்கூடாதென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“ஏனுங் மாமா, அத்தை வர்லீங்களா?” என்றவர்களிடமெல்லாம், “தூங்கறாளுங்க” என்று சிரித்தார்.

மறுநாள்தான் அம்மா இறந்ததாக ஊருக்குச் சொன்னோம். எல்லாம் முடிந்து வந்த அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நீ கூடவே இருந்தியே. கடைசில எப்படி இருந்தா கண்ணு?”

பயத்தில் உளறினேன். “உங்களத்தான் கேட்டுட்டே இருந்தாங்கப்பா. பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க.”

அப்பா என் முகத்தையே பார்த்தார்.

“அவளுக்குப் பேச்சு நின்னு ஆறு வருசமாச்சு கண்ணு” என்றார்.

அதற்கப்புறம் மூன்று வருசம் இருந்தார். அம்மாவைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.