நிறம் சொல்லும் கரை

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது விமானம் ஏற்றினால், அது வானத்தில் திரும்பும் ஒவ்வொரு தடவையும் கரையில் நிற்பவர்கள் அனைவரும் நிறம் சொல்லிக் கத்துவார்கள். எங்கள் விமானங்களுக்கு முதுகு வெள்ளை, வயிறு சிவப்பு. கரைப் பக்கம் சரிந்து திரும்பினால் முதுகு தெரியும். "வெள்ளை!" என்போம். அப்பால் சரிந்தால் வயிறு தெரியும். "சிவப்பு!" என்போம். ஐஸ்பழம் விற்பவரும் கத்துவார். இடுப்பில் பிள்ளையோடு வந்த பெண்களும் கத்துவார்கள். கிரிக்கெட் ஆட்டத்துக்குக் கை தட்டுவது போல விமானத்துக்கு நிறம் சொல்வது முறை என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். உலகத்தில் எங்கே விமானம் விட்டாலும் அப்படித்தான் இருக்கும் என்றும் நினைத்திருந்தேன்.

நான் சொல்வது ஆள் ஏறிப் போகும் விமானங்களை அல்ல. மீனுக்கு ஐஸ் போட்டுக் கொழும்புக்கு அனுப்பும் வெள்ளை ரெஜிபோம் பெட்டிகள் இருக்கின்றனவே, அவற்றின் மூடிகளை வெட்டி, இழைத்து, ஒட்டிச் செய்தவை. என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பெரியகல்லாற்றில் மீன் வாங்கி அனுப்பும் வாடி வைத்திருந்தார். உடைந்த மூடிகளுக்குப் பஞ்சமில்லை. வயிற்றுக்கான சிவப்பு, முச்சக்கரவண்டிகளில் ஒட்டும் ஸ்டிக்கர் தாள். மோட்டரும் ரிமோட்டும் காக்காவின் பொறுப்பு. முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பது போலக் காக்கா என்று நாங்கள் எல்லாரும் அழைத்தவர் காத்தான்குடியில் வன்பொருள் கடை வைத்திருந்த மாமாவின் கூட்டாளி. அவருடைய மகன் கத்தாரில் வேலை செய்தார். லீவில் வரும்போதெல்லாம் அவருடைய பெட்டிக்குள் உம்மாவுக்கு ஒரு சேலையும் எங்களுக்கு ஒரு மோட்டரும் இருக்கும்.

"உன்ட மீன் நாத்தத்தில கத்தார் மோட்டர் அழுவுது மச்சான்," என்பார் காக்கா.

"அது ஏசி ரூம்ல வளந்தது. நம்மட ஊருக்குப் பழகட்டும்," என்பார் மாமா.

ஞாயிறு பின்னேரங்களில் எல்லாரும் கூடுவார்கள். ஊருக்கு மேற்கே வாவி. நாங்கள் அதை ஆறு என்றுதான் சொல்வோம். மாரியில் வீட்டு வேலி வரை வரும் தண்ணீர், கோடையில் பின்வாங்கி, சைக்கிள் ஓடக்கூடிய இறுகிய தரையை விட்டுவிட்டுப் போகும். அதுதான் எங்கள் விமானத்தளம். பள்ளிக்கூட ஆசிரியரான என் அப்பா வருவார். இரும்பு ஒட்டுக் கடைப் பொடியன்கள் வருவார்கள். தேவாலயத்தில் பாட்டுக்கு ஓர்கன் வாசிக்கும் அக்கா வருவார். சிறகு இழைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இவர்களில் பாதிப்பேர், வானத்தில் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடி வளர்ந்தவர்கள். அதே ஆட்கள் அண்ணாந்து நின்று சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். என் ஊரைப் பற்றி யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

நடந்தவற்றைக் காலவரிசைப்படி எழுதிவைக்கும் பழக்கம் எனக்குப் பின்னாளில் வந்தது. ஆகவே இந்தச் சம்பவம் எப்போது நடந்தது என்பதை விசாரித்தே நிறுவ வேண்டியிருந்தது. அம்மன் கோவில் சடங்குக்கு முந்தி என்கிறார் மாமி. சடங்கு முடிந்து மேற்கிலிருந்து கச்சான் காற்று நிலைத்த பிறகு என்கிறார் அப்பா. காற்றை நினைவு வைத்திருப்பவரை நம்புகிறேன். நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன் என்பதில் ஐயமில்லை. அதற்கான சான்று கீழே வரும். எல்லாவற்றிலும் உறுதியானது, அது மாமாவின் மூன்றாவது விமானத்தின் காலம். எங்கள் வீட்டில் ஆண்டுகளை விட விமானங்களே நினைவில் நின்றன. முதலாவது என் கை நீளம். இரண்டாவது மேசையின் அகலம். மூன்றாவதைக் கதவால் நேராக வெளியே கொண்டுவர முடியாது. சரித்துத்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் சிவப்பும் கூடிக்கொண்டே போனது. மூன்றாவதன் வயிறு பார்க்கக் கண் கூசும்.

"இதுக்கு மறுகா என்ன? வீட்டுக் கூரையைக் கழட்டிப் பறக்க விடப் போறீங்களா?" என்றார் மாமி.

"கூரை பாரம்கா. ஓடு இல்லாட்டி யோசிக்கலாம்."

என் மாமாவின் விமானம் வளர்கிறது, என் மாமாவும் வளர்கிறார் என்பது எனக்குப் பெருமை. அந்த மூன்றாவதை ஒரு மாரி முழுவதும் எல்லாரும் சேர்ந்து செய்தார்கள். அதற்குப் போட்ட மோட்டர் காக்காவின் மகன் அனுப்பியவற்றிலேயே பெரியது. தண்ணீருக்குள் விழுந்தால் அதோடு எல்லாம் போயிற்று.

அந்தக் கோடையில் கொழும்பிலிருந்து ஒரு கழகத்தார் எங்களோடு ஒரு நாள் விமானம் விட வருவதாகச் சொன்னார்கள். சுண்ணாம்பால் போட்ட வட்டத்துக்குள் யார் இறக்குகிறாரோ அவருக்கு ஒரு கிண்ணம். ஒரே ஒரு நிபந்தனை. பறக்கும்போது பார்வையாளர்கள் சத்தம் போடக்கூடாது. ஓட்டுபவரின் கவனம் குலையும். சத்தம் போட்டால் அந்தப் பறப்பு கணக்கில் சேராது. அவர்களுடைய இடத்தில் அதுதான் ஒழுங்கு. அப்பா அதை எங்கள் கூட்டத்துக்கு அறிவித்தார்.

"நிறம் சொல்லலாம்தானே சேர்?" என்றான் ஒட்டுக் கடைப் பொடியன் ஒருவன்.

"நிறமும் சொல்லக்கூடாது."

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் சிறகைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீ ஏத்தாத மச்சான். இந்த முறை நான் ஏத்துறன்," என்றார் காக்கா.

"ஏன், எனக்குக் கையில்லையா?"

"கையைப் பத்தி ஆரு கதைச்ச?"

"அப்ப நான்தான் ஏத்துவன்."

கிண்ணத்துக்காகக் காக்கா போட்டிக்கு வருகிறார் என்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. மாமாவின் பக்கம் நின்று ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. ரெஜிபோம் மூடிப் பலகை ஒன்றில் "அமைதி" என்று எழுதினேன். எங்கள் ஆறாம் வகுப்பு இல்ல விளையாட்டுப் போட்டியில் மிஞ்சிய பச்சைப் பெயின்ற். சான்று என்றது இதைத்தான். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். அப்பா பார்த்துவிட்டு, கூட்டத்தின் முன்னால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உத்தியோகத்தை எனக்கே தந்தார்.

வந்தவர்களின் விமானங்கள் புதுச் சப்பாத்துப் போல மினுங்கின. அவர்களுடைய தலைவர் நரைத்த மீசைக்காரர், தொப்பி போட்டிருந்தார். எங்கள் விமானத்தின் சிறகைத் தட்டிப் பார்த்துவிட்டு விரலை மோந்தார். "மீனா?" என்று தெரிந்த தமிழில் கேட்டார்.

"பாரைக்குட்டி," என்றார் மாமா, மோட்டரின் பெயரைச் சொல்பவர் போல.

அன்று மேக மூட்டம். வெயில் கண்ணில் குத்தவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராக ஏற்றி இறக்கினார்கள். எங்கள் சனம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. ஐஸ்பழக்காரர் மணியைத் துணியால் சுற்றியிருந்தார். நான் பலகையோடு முன்னும் பின்னும் நடந்தேன். எங்கள் ஊருக்கும் ஒழுங்கு தெரியும் என்பதை அந்தப் பலகைதான் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மாமாவின் முறை. மூன்றாவது விமானம் காற்றுக்கு எதிரே ஓடி, எழும்பி, தண்ணீருக்கு மேலே போயிற்று. ஒரு சுற்று அழகாக வந்தது. எங்கள் பக்கம் சரிந்தபோது முதுகு பளிச்சென்று தெரிந்தது. யாரும் கத்தவில்லை. பழக்கத்தில் என் வாய் திறந்தது, பலகையால் மூடிக்கொண்டேன்.

இரண்டாவது சுற்றில் ஒரு பிராந்து வந்தது. செம்பருந்து என்று புத்தகத்தில் போட்டிருக்கும். வெள்ளைத் தலை, செம்மண் உடம்பு. மீன் வாசனைக்கு வந்தது என்று அன்று பேசிக்கொண்டார்கள். பருந்து கண்ணால்தான் இரை தேடும் என்று பின்னாளில் வாசித்தேன். தன் வானத்துக்குள் வந்தது யார் என்று பார்க்க வந்திருக்கும். விமானத்தை ஒருமுறை சுற்றிவிட்டு வடக்கே திரும்பியது. விமானம் தென்மேற்கே போனது. மாமாவின் முகம் வடக்கே திரும்பியது.

அதைக் கவனித்தவுடன் எனக்குப் புல்லரித்தது. மாமா விமானத்தைப் பார்க்காமலே ஓட்டுகிறார்! வந்தவர்கள் எல்லாரும் கண் வெட்டாமல் பார்த்து ஓட்டினார்கள். என் மாமா பறவையை வேடிக்கை பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார். திரும்பிப் பார்த்தேன், மற்றவர்களும் கவனித்தார்களா என்று. ஓர்கன் அக்கா தாவணி நுனியை வாயில் கடித்துக்கொண்டிருந்தார். விமானம் சின்னதாகிக்கொண்டே போனது. அதன் இரைச்சல் கேட்கவில்லை.

"சிவப்பு!"

காக்கா. நெஞ்சு கிழியக் கத்தினார். "சிவப்பு! தெக்கால சிவப்பு!"

நான் பலகையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன். அதற்குள் ஓர்கன் அக்கா கத்தினார். பொடியன்கள் கத்தினார்கள். மாமாவின் முகம் தெற்கே திரும்பியது. கை அசைந்தது. தொலைவில் புள்ளி சரிந்தது.

"வெள்ளை! வெள்ளை!"

ஆற்றில் தோணியில் நின்ற ஒருவரும் சேர்ந்துகொண்டார். அவர் அந்தப் பக்கத்தில் நின்றதால் அவருக்கு வயிறு தெரிந்தது. "சிவப்பேய்!" என்றார்.

"தோணிக்காரன் சொல்றத எடுக்காத மச்சான்! அவன் மற்றப் பக்கம்!"

"நானும் கண்ணாலதான்டா பாக்கிறன்!" என்றார் தோணிக்காரர்.

எனக்கு அழுகை வந்தது. பறப்பு கணக்கில் சேராது. எங்கள் சனத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயை மூட முடியவில்லை. பலகையைத் தலைக்கு மேலே உயர்த்தினேன். என் பக்கத்தில் ஒரு குரல் எல்லாக் குரலுக்கும் மேலாக "வெள்ளை!" என்றது. திரும்பினால் அப்பா. நிபந்தனையை அறிவித்த அதே அப்பா, மடித்த சேட்டுக் கை அவிழ்ந்து தொங்க, துள்ளித் துள்ளிக் கத்தினார்.

மூன்றாவது விமானம் கரை முழுவதும் கத்த, தாழ்ந்து, தரையைத் தொட்டு, உருண்டு, வட்டத்துக்குள் வந்து நின்றது. சுண்ணாம்பில் ஒரு சக்கரத் தடம் மட்டும்.

கிண்ணம் எங்களுக்கு இல்லை. ஒழுங்கு ஒழுங்குதான். ஆனால் தொப்பிக்காரர் மாமாவிடம் போய்க் கையைப் பிடித்தார். விடாமல் பிடித்துக்கொண்டு அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் கடைசிப் பறப்புக்குப் போகும்போது எங்கள் கூட்டத்தைப் பார்த்துக் கையை வீசினார். "எனக்கும் சொல்லுங்க," என்றார். அவருடைய விமானத்துக்கு முதுகும் மஞ்சள், வயிறும் மஞ்சள். அது எப்படித் திரும்பினாலும் எங்கள் கரை "மஞ்சள்! மஞ்சள்! மஞ்சள்!" என்று கத்தியது. அவர் சிரித்த சிரிப்பில் விமானம் வட்டத்தைத் தாண்டிப் போய் நின்றது.

பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், வேறோர் ஊரில் விமானம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆசையோடு போனேன். முதல் விமானம் சரிந்ததும் என்னை அறியாமல் "நீலம்!" என்று கத்திவிட்டேன். எல்லாத் தலைகளும் திரும்பின. பக்கத்தில் நின்றவர் கோபமில்லாமல்தான் கேட்டார்: "யாருக்குச் சொல்றீங்க?"

அந்த லீவில் காத்தான்குடிக் கடைக்குப் போய்க் காக்காவிடம் அதையே கேட்டேன்.

"உன்ட மாமாக்குத்தான் புள்ள, வேற ஆருக்கு?" என்றார், ஆணியைத் தராசில் நிறுத்துக்கொண்டே. "ரத்தத்தில சீனி கூடுற வருத்தம் கண்ணுக்கு ஏறிட்டு. புள்ளி தெரியும், பக்கம் தெரியாது. ஒரு நாள் பிளேன் மத்தப் பக்கம் போகுது, நான் சும்மா சிவப்பு எண்டன். டக்கெண்டு திருப்பினான். அடுத்த கிழமை எல்லாரும் சொன்னாங்க."

"மாமா கேட்டாரா, சொல்லச் சொல்லி?"

"அவன் கேப்பானா? அவனும் கேக்கல்ல, நாங்களும் கதைக்கல்ல. கொழும்பாக்கள் வந்த அண்டைக்கு அவன் பிராந்தப் பாத்து ரிமோட்ட ஆட்டுறான். கிண்ணமா பெரிசு?"

மாமா இப்போது விமானம் ஏற்றுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கரையில் கதிரை போட்டு இருப்பார். கூட்டம் சொல்லும் நிறங்களைக் கேட்டபடி, விமானம் எங்கே நிற்கிறது என்று விரலால் காட்டுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அந்தப் பின்னேரத்துக்கு வருகிறேன். வந்தவர்கள் போய்விட்டார்கள். இருட்டத் தொடங்கியிருந்தது. நான் கோபத்தில் யாரோடும் பேசாமல், பலகையை மடியில் வைத்துக்கொண்டு தோணி ஒன்றின் விளிம்பில் இருந்தேன். மாமா வந்து பக்கத்தில் இருந்தார். பலகையைத் தன் பக்கம் இழுத்தார். அதன்மேல் உள்ளங்கையை மெல்ல ஓட்டினார்.

"என்னகா எழுதியிருக்கிற?"

ஒரு சாண் உயர எழுத்து. அவர் முகத்துக்கு முன்னால். அன்று முழுவதும் யாரும் மதிக்காத ஒரே சொல். சீண்டுவதற்கும் ஓர் அளவு இல்லையா?

"அமைதி," என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"நல்ல வடிவா எழுதியிருக்கிற புள்ள," என்றார் மாமா.

அதையும் கேலி என்றே எடுத்துக்கொண்டேன்.