எட்டுக் குறிகளில் ஒரு வணக்கம்

போன சனிக்கிழமை எங்கள் கொட்டகலை வீட்டில் டிவி இல்லை, மிக்ஸி இல்லை, சத்தமாகத் தும்மக்கூட அனுமதி இல்லை. தங்கச்சி சுகந்திக்கு ஆன்லைனில் இன்டர்வியூ!

சுகந்தி கணக்கு டீச்சர். ப்ரோகிராமிங் அவளாகவே படித்தது. கம்ப்யூட்டர் டிகிரி இல்லை என்று இரண்டு கம்பெனிகள் கதவைச் சாத்திவிட்டன. மூன்றாவது கம்பெனிதான், “நீங்களே செய்த ஏதாவது ஒன்றைக் காட்டுங்கள்” என்றது.

அவள் காட்டியது என்ன தெரியுமா? மொத்தமே எட்டுக் குறிகள் உள்ள ஒரு கிறுக்கு மொழி! கூட்டல், கழித்தல், புள்ளி, அடைப்பு... இப்படி. யாரோ வேடிக்கைக்கு உருவாக்கியது. அதில் எழுதுவதை வேறொரு மொழியின் மேக்ரோக்களை, அதாவது கோடை எழுதித் தரும் கோடை வைத்து, ப்ரோகிராம் ஓடுவதற்கு முன்பு கம்பைல் ஆகும்போதே மாற்றிவிடுகிறாள்.

“ஒண்ணும் புரியலையே...”

“சமைச்சு முடிச்சுக் கட்டிக் குடுக்கிற சோறு மாதிரிண்ணே. ஓடுறப்ப அடுப்பே பத்த வைக்க வேணாம்.”

இன்டர்வியூவில் ஒரு தமிழ் மேடம். சுகந்தி தன் கிறுக்கு மொழியை ஓட்டிக் காட்டினாள்; திரையில் ஆங்கில ‘ஹலோ’ சட்டென்று வந்தது.

“நல்லது. தமிழில ‘வணக்கம்’ வருமா?”

சுகந்தி இதை எதிர்பார்க்கவில்லை. கம்ப்யூட்டருக்குள் ‘வ’ என்ற ஒரே எழுத்துக்கு மூன்று பெரிய எண்கள். அவற்றைக் கூட்டல் குறிகளாக அடுக்க வேண்டும். அடுக்கினாள். திரை நிரம்பியது. கம்பைல் கொடுத்தாள்.

சிவப்பில் எரர் — மேக்ரோ தன்னைத்தானே கூப்பிடக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டதாம்!

கதவிடுக்கு வழியாக என்னோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா என் கையைக் கிள்ளினார். “என்னடா, போச்சா?”

சுகந்தி எரரை நிதானமாகப் படித்தாள். சிரித்தாள். “ஒண்ணுமில்லைங்க மேடம், லிமிட்ட கொஞ்சம் கூட்டணும்.” ஒரே ஒரு வரி சேர்த்து மறுபடி கொடுத்தாள். லேப்டாப் ஃபேன் இரைந்தது. ஒரு நிமிடம் ஆனது.

திரையில் ‘வணக்கம்’!

மேடம் கைதட்டிவிட்டுக் கேட்டார்: “சரி, இதால என்ன பிரயோசனம்?”

“ஒரு பிரயோசனமும் இல்லைங்க மேடம். ஆனா செய்யிறப்ப அவ்வளவு சந்தோசமா இருந்திச்சு.”

செவ்வாய்க்கிழமை மெயில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது, அதுவும் கொட்டகலையில் இருந்தபடியே. சுகந்தி அம்மாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். “எறக்கி விடுடி!” என்ற அம்மாவின் சிரிப்பு பக்கத்து வீடுகளுக்குக் கேட்டது.

யாரும் கேட்காமல், எதற்கும் உதவாமல், ஆசைக்காக மட்டும் செய்கிற வேலையில்தான் ஒருவரின் முழுத் திறமையும் தெரிகிறதோ?

நானும் எதற்கும் உதவாத வேலைகள் நிறையச் செய்கிறேன்... என் மனைவி இன்னும் கைதட்டவில்லை!