ஆமைக்கு மேல் ஒட்டிய பிள்ளையார்

என் வீட்டுக்காரர் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறி ஓட்டியவர். அவருடைய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் ‘டிரைவர்’தான். தோட்டம் லொறியை விற்றுவிட்டு வாடகை வண்டி பிடித்ததும், அந்த மனுஷன் பஸ் ஹோல்ட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆளாகிப் போனார். நான்தான் பிடிவாதமாக நின்று, ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்த சின்ன டிராக்டர் ஒன்றை லீசிங்கில் எடுக்க வைத்தேன். மறுபடி ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்தால் மனுஷன் மனுஷனாகிவிடுவார் என்று நினைத்தேன்.

“இதுல கியர் மாத்துற வேலையே இல்லண்ணே,” என்றான் விற்றவன். “பெடல முன்னால மிதிச்சா போவும், குதிகாலால மிதிச்சா பின்னால வரும். எல்லாம் எண்ணெய் அழுத்தத்துலதான் ஓடுது.” சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி லீவர் இருந்தது. எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. ஆனால் மேலே ஒரு முயலும் கீழே ஒரு ஆமையும் படமாகப் போட்டிருந்தார்கள். முயல் என்றால் வேகம், ஆமை என்றால் மெதுவு. அது குழந்தைப் பிள்ளைக்கும் விளங்கும்.

ஆனால் என் தாய்வீட்டில் ஆமை என்ற பேரையே எடுக்கமாட்டோம். வாசலில் ஒன்று வந்துவிட்டால் வீடு விளங்காது என்று கேட்டு வளர்ந்தவள் நான். பூசை போட்ட அன்று சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனம் பூசி, பொட்டு வைத்துக்கொண்டே வந்தால், கீழே இந்தச் சனியன் என்னைப் பார்க்கிறது! கடையில் வாங்கிய பிள்ளையார் ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து அதன் மேல் ஒட்டி, நகத்தால் நன்றாகத் தேய்த்துவிட்டேன்.

“என்னா புள்ள, அத மறைச்சிட்ட?” என்றார்.

“மொத மொதல்ல ஓடப் போற வண்டி. அந்த எழவு நமக்கு வேணாங்க.”

அவர் சிரித்தார். “சரி, கெடக்கட்டும். பெடல மெதுவா மிதிச்சா வண்டி மெதுவா போவுது. அப்பறம் ஆமை எதுக்கு?” அதோடு அந்த லீவரை அவர் தொடவேயில்லை. பிள்ளையார் மேல் இடித்துவிடக் கூடாது என்ற பயமும் இருந்திருக்கும்.

தெல்தெனியவுக்கு மேலே மரக்கறி பயிரிடும் முதலாளி ஒருவர் வேலை கொடுத்தார். சரிவில் தட்டுத் தட்டாக நிலம். “மழைக்கு முந்தி இத உழுது முடிங்க டிரைவர். என்னோட மத்த நெலமெல்லாம் ஒங்களுக்குத்தான். முடியலன்னா சொல்லிருங்க, நான் வேற வண்டி பாத்துக்கிறேன்.” என் வீட்டுக்காரருக்கு ‘முடியலன்னா’ என்ற அந்த வார்த்தைதான் சுருக்கென்றது. நான் சோறு கொண்டுபோன நேரமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

காலையில் வண்டி நன்றாக ஏறும். கொஞ்ச நேரம் உழுததும் அடியிலிருந்து கீச்சென்று ஓர் இரைச்சல் வரும். அப்புறம் ஏற்றத்தில் இழுக்காது. அவர் பெடலை இன்னும் அமுக்குவார். லொறியில் அப்படித்தானே பழக்கம்! அமுக்க அமுக்க வண்டி கத்தும், நிற்கும். கரையில் லீக்ஸ் கட்டிக்கொண்டிருந்த பொம்பிளைகள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள்.

அவர் விட்டுவிடவில்லை. எண்ணெயை அளந்து பார்த்தார், குறையவில்லை. தண்ணீர் கலந்தால் பால் மாதிரி வெளுக்குமாம், அதுவும் இல்லை. காற்று இழுக்கிறதோ என்று குழாய்களின் பூட்டையெல்லாம் இறுக்கினார். கண்டிக்குப் போய் புது ஃபில்டர் வாங்கி வந்து மாட்டினார். விசிறிக்கு முன்னால் அடைத்திருந்த புல்லை நானே குச்சியால் கிண்டி எடுத்தேன். மறுநாளும் அதே கீச்சல்தான். அன்று அவர் சோற்றைத் தொடவில்லை.

முதலாளியே கடைசியில் பேராதனைப் பக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக் பாஸை வரவழைத்தார். சிங்களவர். தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார். வேலையாட்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். பாஸ் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தார், லீவரைப் பார்த்தார், குனிந்தார். நகத்தால் பிள்ளையாரை ஓரத்திலிருந்து மெல்ல உரித்தார்.

“இந்தா! இப்பாவ ஒளிச்சி வெச்சிருக்கு!” என்றார். இப்பா என்றால் சிங்களத்தில் ஆமை. எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

“டிரைவர் மாத்தயா, இது லொறி இல்ல,” என்றார் அவர். “உழுவுற நேரம் எப்பவும் இப்பாவுலதான் போடணும். போடுறதுக்கு முன்ன வண்டிய நிப்பாட்டணும். ஏத்தத்துல இழுக்கலன்னா பெடல விடணும், அமத்தக் கூடாது. அமத்துனா வேகந்தான் கேக்குது, பலம் கொறையுது. எண்ணெய் கொதிக்குது. முயல்ல போட்டு மலைய உழுதா எந்த வண்டி தாங்கும்? யாரு இத ஒட்டின?”

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்தபடி நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தன. எனக்கு எப்போதுமே வாய் முந்தும்.

“நான்தான் ஒட்டினேன்! அவருக்கு இதுல ஒண்ணும் சம்பந்தம் இல்ல.”

முதலாளி புன்னகையோடு என்னைப் பார்த்தார். “சரி சரி, விடு தங்கச்சி. புருஷன விட்டுக்கொடுக்க மாட்டியே.”

“ஐயோ, சாமி சத்தியமா நான்தாங்க!”

சிரிப்பு இன்னும் கூடியது. நான் கத்தக் கத்தக் கூடியது. லீக்ஸ் கட்டுகிறவள் ஒருத்தி, “டிரைவரண்ணே, நீங்க குடுத்து வெச்சவரு!” என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பூமி பிளந்து அப்படியே உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. உண்மையைச் சொல்லி ஒருத்தி இவ்வளவு அவமானப்பட முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாஸ் இறங்கியதும் என் வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்தார். லீவரைக் கீழே தள்ளி, பெடலை அரைவாசி மிதித்தார். டிராக்டர் முனகக்கூட இல்லை. சரிவில் தன்பாட்டில் ஏறிப் போய், மேல்தட்டை உழுது திரும்பியது. எல்லாரும் கை தட்டினார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. மழை வருவதற்குள் உழுது முடித்தார். மற்ற நிலங்களும் எங்களுக்கே கிடைத்தன.

ஆனால் பாஸ் வந்துபோன அன்று சாயங்காலம் வீட்டில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தேத்தண்ணியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றேன்.

“நீ பேசாம இருந்திருக்கலாம் புள்ள,” என்றார்.

“நடந்ததத்தானே சொன்னேன்?”

“நடந்ததுதான். நீ சும்மா இருந்திருந்தா, வண்டி ஓட்டத் தெரியாதவன்னு மட்டும் நெனச்சிருப்பாங்க.” தேத்தண்ணியைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை. “இப்ப, பொண்டாட்டி முந்தானைக்குப் பின்னால ஒளியிறவன்னு நெனக்கிறாங்க.”