நாலாவது லேன்

இரண்டு முளைகளுக்கு நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டிய நூல். அதன் ஓரமாக வலது கை சுண்ணாம்புத் தூளை விட்டுக்கொண்டே போகிறது. கோட்டின் அகலம் மூன்று விரல். எங்கும் கூடவில்லை, குறையவில்லை. பத்தடிக்கு ஒரு தரம் இடது கை நூலைச் சுண்டிப் பார்க்கிறது. தளர்ந்திருந்தால் அந்தப் பத்தடியையும் அழித்துவிட்டு மறுபடி போடுகிறது.

அந்தக் கைகளுக்குரியவர் பெயர் ராஜவேல். ஊர் செட்டிகுளம். பெரம்பலூர், அரியலூர் பக்கம் எந்தப் பள்ளியில் விளையாட்டுப் போட்டி என்றாலும் ஓடுதளம் போட அவரைத்தான் கூப்பிடுவார்கள். வளைவில் வெளிப்பக்கம் ஓடுகிறவருக்குத் தூரம் கூடும். அதை ஈடுகட்ட எவ்வளவு முன்னால் நிறுத்த வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். நானூறு மீட்டருக்கு நாலாவது லேன் என்றால் இருபத்திரண்டு மீட்டர் முப்பத்தெட்டு சென்டிமீட்டர். யாரும் சொல்லித் தரவில்லை. பழைய விதிப் புத்தகம் ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்து, தரிசு நிலத்தில் கம்பி கட்டிச் சுற்றிப் பழகியது.

எழுத்துக்கூட்டி என்பது மெய்யாகவே எழுத்துக்கூட்டித்தான். பள்ளிக் காலத்தில் ராஜவேல் மாவட்டத்துக்காக ஓடினார். ஓடுகிற பையன் என்று ஒவ்வொரு வகுப்பிலும் தூக்கிவிட்டார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தூக்கிவிட ஆளில்லை. மூன்று பாடம் போயிற்று. பிறகு ஒரு சிமெண்ட் ஆலையின் ஓட்ட அணிக்கு ஆள் எடுத்தபோது எல்லோருக்கும் முன்னால் ஓடி முடித்தார். மூச்சு அடங்குவதற்குள் சான்றிதழ் கேட்டார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

அதனால்தான் ஜூன் மாதம், மகள் வினோதினி படிக்கும் தனியார் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்றார். "எல்லாப் பாடத்துலயும் முப்பத்தஞ்சு எடுக்காத புள்ளைய கிரவுண்டுல எறக்காதீங்க சார். என்னைய மாரி ஆயிடும்." கைதட்டினார்கள். தலைமையாசிரியர் அதையே விதியாக எழுதிப் பலகையில் ஒட்டினார்.

அது முதலில் ஜோதி மேல் விழுந்தது. ராஜவேலின் தெருவிலேயே குடியிருந்து வெங்காயம் பயிரிடும் அமிர்தலிங்கத்தின் மகள், நல்ல கபடிக்காரி. ஆகஸ்ட் தேர்வில் கணக்கில் தவறினாள். அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அமிர்தலிங்கம் வந்து வாசலில் நின்றார். "நீ ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்களாம் ராஜவேலு."

"புள்ள நல்லதுக்குத்தாண்ணே. ரெண்டு மாசம் படிச்சா பாஸாயிடப் போவுது."

ஜோதி படிக்கவில்லை. இரண்டு வாரம் வெறுமனே பஸ் ஏறிப் போய் வந்தாள். பிறகு அதையும் நிறுத்திவிட்டாள். இப்போது களத்தில் பெண்களோடு உட்கார்ந்து வெங்காயத்தாள் அரிகிறாள். ராஜவேலைப் பார்த்தால் சிரிப்பாள். அவர்தான் வண்டியை நிறுத்தாமல் போய்விடுவார்.

காலாண்டுத் தேர்வில் வினோதினிக்கு ஆங்கிலத்தில் இருபத்தேழு. குறுவட்டப் போட்டியில் நானூறு மீட்டரில் முதலாக வந்தவள். மாவட்டத்தில் ஜெயித்தால் மாநிலம், அப்புறம் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாவட்டப் போட்டி நாளைக்கு, அவள் பள்ளி மைதானத்திலேயே. அதற்குத்தான் ராஜவேல் இப்போது கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்.

இன்று காலையில் மனைவி கமலவேணி தூக்குவாளியை நீட்டினாள். "மீட்டிங்ல நல்லா கைதட்டுனாங்களே, இப்பக் கூப்புடு அவங்கள."

வினோதினி பள்ளி கொடுத்திருந்த ஸ்பைக் ஷூவை ஈரத்துணியால் துடைத்துப் பையில் போட்டு அப்பாவின் வண்டியில் மாட்டினாள். "சார்ட்ட குடுத்துருப்பா. வேற யாருக்காச்சும் ஆவும்."

"நாளைக்கு வந்து பாக்கலாம்ல?"

"வரலப்பா."

நாளை மறுநாளாவது பள்ளிக்குப் போவாளா என்று கேட்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

மூன்று மணி வாக்கில் உடற்கல்வி ஆசிரியர் தமிழழகன் பட்டியலோடு வந்தார்.

"அண்ணே, நாலாவது லேன்ல பாப்பா பேர இன்னும் அடிக்கல. அஞ்சு மணிக்கு லிஸ்ட் போவணும். விதியக் கேட்டது நீங்க. நீங்களே இந்த ஒரு தடவை விடுங்கன்னு எழுதிக் குடுத்தா ஹெட்மாஸ்டர் ஒத்துக்கறேங்கிறாரு."

ராஜவேல் நூலைச் சுண்டினார். "ஜோதிக்கும் சேத்தா சார்?"

"அந்தப் புள்ள ஸ்கூலுக்கே வரலியேண்ணே."

"ஏன் வரலன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

தமிழழகன் பட்டியலை மடித்தார்.

"அவ அப்பன் எங்கிட்ட வந்து நின்னாரு சார். படிக்கட்டும்னு அனுப்பிட்டேன். இப்ப எம் புள்ளைக்குன்னு மட்டும் பேனா எடுத்தா அந்தத் தெருவுல எப்புடி நடக்குறது?"

"அதுக்காவ ஓடுற புள்ளைய வூட்டுல உக்கார வைப்பீங்களா?"

"ஓட வுடலன்னா பயந்துகிட்டு படிக்கும்னு நெனச்சேன். ஓடுறதுக்குத்தான் ஸ்கூலுக்கே வந்துதுங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சு." சுண்ணாம்புக் கையை வேட்டியில் துடைத்தார். "விதியவே எடுத்துருங்கன்னு எழுதித் தரேன். எல்லாப் புள்ளைக்கும்."

"அது கமிட்டி கூடணும்ணே. இந்த வருசம் நடக்காது."

"அப்பப் பேர அடிச்சிருங்க."

தமிழழகன் நடந்து போனதும் ராஜவேல் நாலாவது லேனுக்கு வந்தார். நாளைக்கு அதில் யாரும் ஓடப் போவதில்லை. டேப்பை இழுத்து அளந்தார். ஒரு முறை போதும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு முறை அளந்தார். முளை அடித்து, நூல் கட்டி, மூன்று விரல் அகலத்தில் புறப்படும் கோட்டைப் போட்டார். காற்று ஒரு நுனியைக் கலைத்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டார்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முளைகளைப் பிடுங்கி நூலைச் சுற்றினார். தமிழழகன் திரும்பி வந்திருந்தார். ராஜவேல் ஸ்பைக் ஷூ இருந்த பையை முதலில் அவரிடம் கொடுத்தார். அவர் அதைத் திறந்து பார்க்காமல் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அளந்து பாத்துக்கிங்க சார்," என்று ராஜவேல் டேப்பின் நுனியை அவர் கையில் கொடுத்தார்.

தமிழழகன் ஒவ்வொரு லேனாக அளந்து, நாலாவதில் குனிந்து அதிக நேரம் பார்த்தார்.

"சரியா இருக்குண்ணே."

"அப்ப நாளைக்கு ஓட்டத்த வச்சிக்கிங்க," என்றார் ராஜவேல்.