ஹுஸ்னியா பார்த்த இரத்தத் தகடு

ஹுஸ்னியாவுக்குச் சம்பளமே ஒன்றுமில்லாததைப் பார்ப்பதற்குத்தான் என்று அவள் கணவன் றுவைஸ் கிண்டலடிப்பான். திருகோணமலையில் மலேரியாத் தடுப்பு இயக்கத்தின் ஆய்வுகூடத்தில் பதினொரு வருடமாக நுணுக்குக்காட்டிக்கு முன்னால் குனிந்திருக்கிறாள். கண்ணாடியில் இரத்தம் தடவிய ஆயிரக்கணக்கான தகடுகள். ஒரு கிருமிகூட இல்லை; ஒவ்வொன்றுக்கும் 'ஒன்றுமில்லை' என்று எழுதிவைப்பாள். நாட்டைவிட்டு மலேரியாவைத் துரத்தியாயிற்று. அது திரும்பி வராமல் காவல் இருப்பதுதான் வேலை. காவல்காரரை யார் மதிக்கிறார்கள்?

அன்று காலை குறிஞ்சாக்கேணியில் தன் வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பியவளை அடுத்த வீட்டு ரபீக்கா அழுதபடி மறித்தாள். அவள் கணவர் ஜவ்பருக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். டெங்கு இல்லையென்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்; இப்போது அங்கே கட்டிலில் கிடந்து ஆள் பிதற்றுகிறார்.

வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் அக்கம்பக்கத்துக்குப் பங்கு அனுப்புவது ஊர் வழக்கம். வழக்கமாக வருவது பேரீச்சம்பழமும் பால்மாவும். ஜவ்பர் வீட்டிலிருந்து வந்ததோ கறுத்த வனிலாக் காய்கள். வட்டிலப்பத்தில் போட்டபோது வீடே மணத்தது. அது நினைவுக்கு வந்ததும் ஹுஸ்னியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"புள்ள, உன்ட மாப்பிள்ளை எந்த நாட்டால வந்தவர்?"

"மடகஸ்கார், ராத்தா. மாணிக்கக்கல் யாவாரம். வந்து மூணு கிழமையாச்சே, அதான் டொக்டருக்குச் சொல்லல்ல."

அங்கே மலேரியா இன்னும் உண்டு! ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டொக்டரிடம் சொல்லி, எடுத்த இரத்தத்தோடு ஆய்வுகூடத்துக்குப் பறந்தாள். தகட்டில் சாயம் ஏறும்வரை அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பிறகு கண்ணை வைத்தாள். கல் வைத்த மோதிரங்கள் போலக் கிருமிகள், ஒன்றல்ல, கூட்டங் கூட்டமாக! பயிற்சித் தகடுகளில் மட்டும் பார்த்தவை. உடம்பெல்லாம் புல்லரித்தது. பக்கத்து வீட்டு மனிதர் சாகக் கிடக்கும்போது இதென்ன சந்தோஷம் என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் கண்டுபிடித்துவிட்டாளே!

கொழும்புத் தலைமையகம் தொலைபேசியிலேயே மருந்தின் அளவைச் சொன்னது. என்றாவது ஒருநாள் தேவைப்படும் என்று அலுமாரியில் காத்திருந்த ஊசிமருந்து ஜீப்பில் பறந்தது. மாலைக்குள் ஊர்க் கிணறுகளில் மலேரியா பரப்பும் நுளம்பின் புழுக்களான குடம்பிகளைத் தேட ஆட்களும் வந்திறங்கினார்கள். அன்றைக்குக் காவல்காரரை ஊரே மதித்தது.

மூன்றாம் நாள் ஜவ்பரின் புதுத் தகடு வந்தது. ரபீக்கா ஆய்வுகூட வாசலிலேயே நின்றாள்.

"ராத்தா, என்ன தெரியுது?"

ஹுஸ்னியா ஒருமுறை பார்த்தாள். நம்பாமல் மூலை முடுக்கெல்லாம் மறுபடி பார்த்தாள்.

"ஒண்டுமில்ல, புள்ள!" என்று கத்தினாள். "ஒண்டுமே இல்ல!"

பதினொரு வருடமாக அலுத்துக்கொண்டு எழுதிய அந்தச் சொல்லை அன்று அவள் அழுதுகொண்டே எழுதினாள்.